தோற்ற அணியின் லாக்கர் ரூமுக்குள் எப்படிப் போவீர்கள்?

(அமெரிக்க நாளிதழ்களில் என்எஃப்எல் என்ற ஃபுட்பால் லீக்கின் ஒரே ஒரு அணியை மட்டும் வருஷம் முழுக்கப் பின்தொடர்ந்து எழுதும் ‘பீட்’ நிருபர்களைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். நானும் கொஞ்ச காலம் அந்த வேலையில் இருந்தவன் என்பதால் கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கிக் கீழே கொடுத்திருக்கிறேன். இங்கே ஃபுட்பால் என்று சொல்வதெல்லாம் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதும் அமெரிக்க ஆட்டத்தை, மெஸ்ஸி ஆடுவதை அல்ல.)

வாரத்துக்கு ஒரே ஆட்டம். சீசனுக்கு மொத்தமே 17. இதற்கு ஒரு முழுநேர நிருபரா? மிச்ச நாளெல்லாம் என்ன சார் செய்வீர்கள்?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். என் மாமனாரும் கேட்டிருக்கிறார், ஆனால் அவர் கேட்ட தொனி வேறு.

ஆட்டம் நடக்கும் ஞாயிறுதான் இருப்பதிலேயே சுலபமான நாள். அன்றைக்குச் செய்தி தானாக வந்து எதிரே நிற்கும், எழுத வேண்டியதுதான். மற்ற நாட்களில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். திங்கள் கோச் பேசுவார். “வீடியோ பார்த்தால்தான் சொல்ல முடியும்” என்று முந்தின நாள் தள்ளிவிட்ட கேள்விகளுக்கு, வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தும் பதில் சொல்ல மாட்டார். செவ்வாய் வீரர்களுக்கு விடுமுறை, நிருபருக்கு ஏஜென்டுகளோடு (வீரர்களுக்காக ஒப்பந்தம் பேசுகிறவர்கள்) போன். வெளியிலிருந்து யாரையாவது வரவழைத்துச் சோதித்துப் பார்க்கும் நாளும் பெரும்பாலும் அதுதான், அதனால் யார் ஊருக்கு வந்திருக்கிறார்கள் என்று ஒரு கண் வைத்திருக்க வேண்டும். புதன், வியாழன், வெள்ளி பிராக்டிஸ். தொடக்கத்தில் கொஞ்ச நேரம் மட்டும் பார்க்க விடுவார்கள், அதுவும் கைகால் நீட்டி உடம்பைத் தளர்த்தும் நேரத்தில். அந்தக் கொஞ்ச நேரத்தில் நிருபர்கள் எல்லாரும் வாயை அசைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் ஏதோ பிரார்த்தனைக் கூட்டம் போல இருக்கும். ஆள் எண்ணுகிறோம், அவ்வளவுதான். 53 பேர் அணியில், 16 பேர் பிராக்டிஸ் ஸ்குவாடில் (பயிற்சிக்கு வைத்திருக்கும் கூடுதல் ஆட்கள்). யார் வரவில்லை, யார் ஹெல்மெட் இல்லாமல் நிற்கிறார், யார் ஓரமாக சைக்கிள் மிதிக்கிறார் என்பதெல்லாம் ஜெர்ஸி எண்ணை வைத்தே தெரிய வேண்டும்.

அப்புறம் லாக்கர் ரூம், அதாவது வீரர்கள் உடை மாற்றும் அறை. சாதாரண வாரத்தில் சில நாட்கள், முக்கால் மணி நேரம் அளவுக்குத் திறந்துவிடுவார்கள். இந்த வேலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

சீசன் முடிந்தால் ஓய்வா என்றால் அதுவும் இல்லை. பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் கம்பைன் (கல்லூரி வீரர்களை ஓடவிட்டு, எடை போட்டு, கேள்வி கேட்டுச் சோதிக்கும் இடம்). மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்த வீரர்களை அணிகள் போட்டி போட்டு இழுக்கும் காலம். ஏப்ரலில் மூன்று நாள் டிராஃப்ட் (கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது). ஜூலை கடைசியில் கேம்ப், 90 பேரில் ஆரம்பித்து ஆகஸ்ட் முடிவதற்குள் 53 ஆகக் குறைப்பார்கள். ஜூன் நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை கிடைக்கும் சில வாரங்கள்தான் குடும்பத்துக்கு. அந்த நேரம் பார்த்து ஒரு வீரர் காரை வேகமாக ஓட்டிப் போலீஸில் மாட்டுவார்.

ரசிகராக இருந்துகொண்டே எழுதினால் என்ன தப்பு?

பிரஸ் பாக்ஸில் (மைதானத்தில் நிருபர்கள் உட்காரும் இடம்) கைதட்டக் கூடாது என்பது விதி. சும்மா மரியாதைக்குச் சொல்வது இல்லை, பல மைதானங்களில் ஒலிபெருக்கியிலேயே அறிவிப்பார்கள், மீறினால் வெளியே அனுப்புவார்கள். ஆனால் அதற்கெல்லாம் அவசியமே வராது. ஒரு சீசன் இந்த வேலையைச் செய்தால் அணிமேல் இருந்த ஆசை தானாகப் போய்விடும். அணி ஜெயிக்க வேண்டும் என்று எந்த நிருபரும் வேண்டிக்கொள்வதில்லை. ஆட்டம் ஓவர்டைமுக்குப் போகக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்வார்கள்.

ஏன் அப்படி? டெட்லைனா?

ஆமாம். இரவு ஆட்டம் முடியும்போது அச்சு இயந்திரம் காத்திருக்காது. அதனால் ஆட்டம் நடக்கும்போதே கட்டுரையை எழுதிக்கொண்டே போக வேண்டும். முதல் பாதியில் நடந்தது கீழ்ப்பகுதி, மூன்றாம் குவார்ட்டரில் (ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதி) நடந்தது நடுப்பகுதி, விசில் அடித்ததும் மேலே இரண்டு பத்தி வைத்து அனுப்பிவிட வேண்டும். பிறகு லாக்கர் ரூமுக்கு ஓடி, நாலு பேர் சொன்னதை வாங்கி வந்து, அடுத்த பதிப்புக்கு முழுதாகத் திருத்தி எழுத வேண்டும். பழக்கப்பட்ட கைகள் இரண்டு தொடக்கங்களைத் தயாராக வைத்திருக்கும், ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று.

இதில் உள்ள ஆபத்துக்கு, 2017 பிப்ரவரி 5-ம் தேதி நடந்த சூப்பர் பவுல் (என்எஃப்எல் இறுதி ஆட்டம்) நல்ல உதாரணம். பாஸ்டன் பக்கத்து அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் மூன்றாம் குவார்ட்டரில் 28-3 என்று பின்தங்கி இருந்தது. அந்த நிலையிலிருந்து யாரும் சூப்பர் பவுலில் மீண்டதில்லை. பேட்ரியட்ஸ் சமன் செய்து, ஓவர்டைமில் 34-28 என்று ஜெயித்தது. பாஸ்டன் குளோப் நாளிதழின் முதல் பதிப்பு ஃபுளோரிடாவில் விற்பனைக்குப் போவது; அதை ஆட்டம் முடியும்வரை நிறுத்தி வைக்க முடியாது. அந்தப் பதிப்பின் முதல் பக்கத்தில் ‘கசப்பான முடிவு’ என்ற பொருளில் பெரிய தலைப்பு வந்துவிட்டது, பாஸ்டன்காரர்கள் தெருவில் ஆடிக்கொண்டிருந்தபோது. பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரஸ் பாக்ஸில் அன்றைக்கு அழிக்கப்பட்ட பத்திகளை யார் எண்ணியிருப்பார்கள்?

தோற்ற அணியின் லாக்கர் ரூமுக்குள் எப்படிப் போவீர்கள்? அவர்களே நொந்து போயிருப்பார்களே, கேள்வி கேட்க மனசு வருமா?

நல்ல கேள்வி. ஆட்டம் முடிந்ததும் உடனே கதவு திறக்காது. பத்துப் பன்னிரண்டு நிமிஷம் கழித்துத்தான் திறப்பார்கள், கொஞ்சம் ஆறட்டும் என்று. உள்ளே போனால் பேச்சே இருக்காது. டேப்பை வெட்டுகிற கத்தரிக்கோல் சத்தமும் குளியலறைத் தண்ணீர்ச் சத்தமும்தான்.

கேள்வி கேட்கிற முறை ஒன்று இருக்கிறது. “எப்படி உணர்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்கக் கூடாது. எப்படி உணர்வான் மனுஷன்? நடந்ததைக் கேட்க வேண்டும். “நாலாம் குவார்ட்டரில் அந்த மூன்றாவது டவுனில் (முயற்சியில்) எதிரணி உள்ளே பாயப்போகிறது என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது?” என்று கேட்டால், தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பவர்கூட நிமிர்ந்து பதில் சொல்வார். காரணம் சாதாரணமானது, அவர் அதைத்தான் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பார். கேள்வி அவருடைய யோசனையோடு சேர்ந்துகொள்கிறது.

இன்னொன்று, யாரிடம் கேட்பது என்பது. குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) மேடையில் நின்று எல்லாருக்கும் பொதுவாகப் பேசுவார், அதில் ஒன்றும் இருக்காது, அது எல்லாப் பத்திரிகையிலும் வரும். ஆட்டத்தை உண்மையில் விளக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஆஃபென்சிவ் லைன்காரர்கள். முந்நூறு பவுண்டு உடம்போடு எதிராளியைத் தள்ளிக்கொண்டு நிற்பவர்கள், பந்தைத் தொடவே மாட்டார்கள், டிவியில் பெயர் வராது, வந்தால் தவறு செய்தபோதுதான் வரும். அவர்களுக்குப் பேச நேரமும் உண்டு, அறிவும் உண்டு, யாரும் வந்து கேட்பதுதான் இல்லை. இந்தப் பழக்கத்தைச் சீசன் நடுவில் தொடங்க முடியாது. தொடர்ந்து பல புதன்கிழமைகள் எழுத ஒன்றும் இல்லாதபோதும் போய் நின்று, மீன் பிடிப்பதைப் பற்றியோ அவர் குழந்தையைப் பற்றியோ பேசியிருந்தால்தான், தோற்ற ஞாயிற்றுக்கிழமை அவர் முகத்தைத் திருப்பாமல் இருப்பார். தொலைக்காட்சி கேமராவோடு வருபவர்களுக்கு இது கிடைக்காது. அவர்கள் வருவார்கள், வட்டம் கட்டுவார்கள், போவார்கள். பீட் நிருபரின் சொத்து என்று ஒன்று இருந்தால் அது தினமும் அங்கே நின்ற நேரம்தான்.

கடுமையாக விமர்சித்து எழுதினால் அடுத்த நாளே அங்கே போய் நிற்க வேண்டும், அது எழுதப்படாத சட்டம். திட்ட வேண்டும் என்றால் அவர் திட்டட்டும். எழுதிவிட்டு நாலு நாள் ஒளிந்தவனுக்கு அந்த அறையில் அப்புறம் மதிப்பில்லை.

வீரர்கள் பேசித்தான் ஆக வேண்டுமா? மாட்டேன் என்றால்?

லீக் விதிப்படி பேச வேண்டும், மறுத்தால் அபராதம். சியாட்டில் சீஹாக்ஸின் மார்ஷான் லிஞ்சுக்கு 2014-ல் 1,00,000 டாலர் போட்டார்கள். 2015 ஜனவரியில் சூப்பர் பவுலுக்கு முன் நடந்த மீடியா நாளில் அவர் வந்து உட்கார்ந்து, என்ன கேட்டாலும், அபராதம் கட்டாமல் இருக்கத்தான் வந்திருக்கிறேன் என்று அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். விதியை மீறவும் இல்லை, பேசவும் இல்லை! எனக்கு அவர்மேல் கோபமே கிடையாது. பேசப் பிடிக்காதவரைச் சுற்றி நாற்பது மைக் நீட்டினால் கிடைப்பது அதுதான்.

நான் இதழியல் படிக்கும் மாணவி. லாக்கர் ரூமுக்குள் பெண் நிருபர்கள் போவதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே?

நியாயம் தங்கச்சி, ஒரு வரியில் எழுதக்கூடிய விஷயம் இல்லை அது.

1976-ல் லெஸ்லி விஸ்ஸர் பாஸ்டன் குளோப் பத்திரிகைக்காகப் பேட்ரியட்ஸ் அணியை எழுத ஆரம்பித்தார். என்எஃப்எல் அணி ஒன்றின் பீட்டைப் பார்த்த முதல் பெண் அவர். அவருக்குக் கொடுத்த அனுமதி அட்டையிலேயே, பிரஸ் பாக்ஸில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இடமில்லை என்று அச்சடித்திருந்ததாம். லாக்கர் ரூம் கதவு சட்டத்தால் திறந்தது பேஸ்பாலில்: மெலிசா லட்கி என்ற நிருபர் வழக்குப் போட, 1978-ல் நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி, ஆண் நிருபருக்குள்ள அனுமதி பெண் நிருபருக்கும் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். என்எஃப்எல் 1985-ல்தான் எல்லா அணிகளுக்கும் அதைப் பொது விதியாக்கியது.

விதி வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. 1990 செப்டம்பரில் பாஸ்டன் ஹெரால்டு நிருபர் லிசா ஓல்சன், பேட்ரியட்ஸ் லாக்கர் ரூமில் ஒரு வீரரைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது சில வீரர்கள் நிர்வாணமாக வந்து அவரை ஆபாசமாக அவமானப்படுத்தினார்கள். லீக் விசாரணை நடத்தி அணிக்கு 50,000 டாலர் அபராதமும் வீரர்களுக்குத் தனி அபராதமும் போட்டது. ஆனால் ரசிகர்களின் மிரட்டல் ஓல்சனை விடவில்லை, கடைசியில் அவர் வேலைக்காக ஆஸ்திரேலியாவுக்கே போக வேண்டியதாயிற்று. குற்றம் செய்தவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், புகார் சொன்னவர் நாட்டை விட்டுப் போனார். அதே வருஷம் அக்டோபரில் சின்சினாட்டி கோச் சாம் வைச் ஒரு பெண் நிருபரை உள்ளே விடாமல் தடுத்ததற்கு சுமார் 28,000 டாலர் அபராதம் கட்டினார்.

இன்றைக்குப் பல அணிகளின் பீட்டில் பெண்கள் இருக்கிறார்கள், செய்தியை முதலில் உடைக்கிறவர்களும் அவர்களில் உண்டு. கோவிட் வந்தபோது 2020-ல் லாக்கர் ரூமை மூடினார்கள், 2022-ல் மறுபடி திறந்தது. 2024 அக்டோபரில் வீரர்கள் சங்கம், உடை மாற்றும் அறையில் பேட்டி எடுப்பது காலாவதியான பழக்கம், பேட்டியை வெளியே வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டது. ஒரு மனிதன் துண்டோடு நிற்கும்போது மைக்கை நீட்டுவது எந்த நிருபருக்கும் பிடித்த காரியம் இல்லை, அந்த அளவில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் வெளியே என்றால் யார் வருவார் என்பதை அணியின் பிஆர் ஆள் முடிவு செய்வார். மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆஃபென்சிவ் லைன்காரர் வர மாட்டார். குளியலுக்குத் தனி வழியும் நல்ல அங்கியும் கொடுத்துவிட்டு அறையைத் திறந்தே வைக்கலாம் என்பது என் கட்சி.

காயம்பட்டவர்கள் பட்டியலை அணிகளே வெளியிடுகின்றனவாமே? யாராவது உண்மையைச் சொல்வார்களா?

சொல்லித்தான் ஆக வேண்டும், முழு உண்மையைச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு ஆட்டம் என்றால் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பட்டியல் வரும்: முழுதாகப் பயிற்சி செய்தாரா, பாதியா, செய்யவே இல்லையா என்று. வெள்ளியன்று மூன்று நிலைகளில் ஒன்று: வாய்ப்பு உண்டு, சந்தேகம், இல்லை. முன்பு ‘ஆடுவார் போல’ என்று நாலாவது ஒன்றும் இருந்தது, 2016-ல் எடுத்துவிட்டார்கள். இதெல்லாம் பந்தயம் கட்டுகிறவர்களில் சிலருக்கு மட்டும் உள்தகவல் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காக. கோச்சுகள் ‘முழங்கால்’ என்று மட்டும் போட்டுவிட்டு எந்தப் பக்கம், எவ்வளவு என்பதை மறைப்பார்கள். நிருபர் அந்த வீரர் படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆட்டத்துக்கு 90 நிமிஷம் முன்பு கடைசிப் பட்டியல் வந்துவிடும், அதோடு எல்லா ரகசியமும் முடிந்தது.

பெரிய செய்தியெல்லாம் ஈஎஸ்பிஎன் ஆட்களுக்கே முதலில் போகிறது. உள்ளூர் நிருபர் எதற்கு?

ஒப்பந்தம், டிரேட், கோச் நீக்கம் போன்றவை ஏஜென்டுகள் வழியாக வருகின்றன. ஒரு ஏஜென்டுக்குப் பல அணிகளில் ஆட்கள் இருப்பார்கள், அதனால் 32 அணியையும் பார்க்கும் தேசிய நிருபரிடம் கொடுப்பதே அவருக்கு லாபம். ஈஎஸ்பிஎன்னின் ஆடம் ஷெஃப்டர்கூட டென்வரில் பிராங்கோஸ் பீட் எழுதிக்கொண்டிருந்தவர்தான், அங்கிருந்து தேசிய அளவுக்குப் போனார்.

அந்தப் பண்டமாற்றில் ஒரு விலை இருக்கிறது. லீக் கதவடைப்பு (ஒப்பந்தத் தகராறில் அணி முதலாளிகள் வீரர்களை வெளியே நிறுத்தியது) நடந்த 2011-ல், வாஷிங்டன் அணியின் பொது மேலாளருக்கு ஷெஃப்டர் தன் கட்டுரையின் முழு வரைவையும் அனுப்பி, ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தார். அந்த மின்னஞ்சல் 2021-ல் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது, அவரே எல்லை தாண்டிவிட்டதாக ஒப்புக்கொண்டார். ஒரு தகவல் சரியா என்று கேட்பது வேறு, கட்டுரையையே கையில் கொடுப்பது வேறு.

அவசரத்துக்கும் விலை உண்டு. 2008 சூப்பர் பவுலுக்கு முந்தைய நாள் பாஸ்டன் ஹெரால்டு, பேட்ரியட்ஸ் ஆட்கள் 2002 சூப்பர் பவுலுக்கு முன் எதிரணியின் ஒத்திகையை ரகசியமாகப் படம் பிடித்தார்கள் என்று எழுதியது. மே மாதம், அது தவறு என்று முதல் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்டது. அந்த 2002 ஆட்டத்தைப் பற்றி எதைப் படித்தாலும் இன்றைக்கும் இந்தக் கதை கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது.

சரி, உள்ளூர் நிருபர் எதற்கு? ஒருவரை வாங்கிவிட்டார்கள் என்ற செய்தி ஐந்து நிமிஷத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஏன் வாங்கினார்கள், அவர் இடத்தில் ஆடுகிறவர் என்ன ஆவார், கோச்சுக்கும் பொது மேலாளருக்கும் இதில் சண்டையா என்பதைத் தினமும் அங்கே நிற்பவர்தான் எழுத முடியும்.

கோபப்படாதீர்கள். இத்தனை பேர் தினமும் லாக்கர் ரூமில் நின்றீர்கள். வீரர்கள் தலையில் அடிபட்டு மூளை கெட்டுப்போவதை ஏன் நீங்கள் யாரும் எழுதவில்லை?

கோபமில்லை. வந்த கடிதங்களிலேயே நல்ல கேள்வி இது.

நடந்தது இதுதான். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியில் ஆடிய ஆண்ட்ரே வாட்டர்ஸ் 2006 நவம்பரில் தற்கொலை செய்துகொண்டார், வயது 44. அவருடைய மூளையைச் சோதித்த டாக்டர் பென்னட் ஒமாலு, திரும்பத் திரும்ப அடிபட்டதால் வந்த சேதம் இருப்பதாகச் சொன்னார். இதே ஒமாலுதான் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் மைக் வெப்ஸ்டர் 2002-ல் இறந்தபோது அவர் மூளையில் இதைக் கண்டுபிடித்து, 2005-ல் மருத்துவ இதழில் எழுதியவர். வாட்டர்ஸ் பற்றிய செய்தி 2007 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வந்தது. எழுதியவர் ஆலன் ஷ்வார்ஸ். அவர் எந்த ஃபுட்பால் அணியையும் பின்தொடர்ந்தவர் இல்லை. பேஸ்பால் புள்ளிவிவரங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். அதிலிருந்து தொடர்ந்து எழுதினார், 2009-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது, 2013-ல் லீக் முன்னாள் வீரர்களின் வழக்குகளுக்காக 76.5 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது (பிறகு உச்சவரம்பே எடுக்கப்பட்டது).

இதில் என்னை உறுத்துவது வேறு ஒரு விஷயம். 1994-லேயே பிலடெல்பியா இன்குவயரர் பத்திரிகை வாட்டர்ஸிடம் எத்தனை முறை தலையில் அடிபட்டு மயங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறது. 15-க்கு அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். யாரிடமும் சொல்லாமல், மருந்தை முகர்ந்துவிட்டு மறுபடி ஆடப்போய்விடுவாராம். தகவல் அச்சிலேயே இருந்தது! யாரும் மறைக்கவில்லை. 1994-ல் அதைப் படித்தவர்களுக்கு அது வீரம், ஆள் எவ்வளவு கெட்டியானவர் என்பதற்கு ஒரு சான்று. பதிமூன்று வருஷம் கழித்து, ஃபுட்பாலுக்கு வெளியிலிருந்து வந்தவர் அதே வரியைப் படித்தபோதுதான் அது மருத்துவக் குறிப்பாகத் தெரிந்தது.

பீட் நிருபரின் பலம் எதுவோ அதுவே இங்கே பலவீனம். தினமும் அங்கே நிற்பவனுக்கு அந்த அறையின் பேச்சு பழகிவிடுகிறது. ‘மணி அடித்தது போல இருந்தது’ (தலையில் பலமாக அடிபட்டதை அவர்கள் சொல்லும் விதம்) என்று ஒரு வீரர் சிரித்துக்கொண்டே சொன்னால், நிருபரும் சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்வார். ஞாயிறு ஆடுவாரா மாட்டாரா என்பதுதான் அன்றைய கேள்வி. 50 வயதில் அவருக்குத் தன் வீட்டு வழி நினைவிருக்குமா என்பது எந்த டெட்லைனிலும் வராது. லீக் 1994-ல் தானே ஒரு மருத்துவக் குழு வைத்து, பெரிய ஆபத்து ஒன்றுமில்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்ததும் சேர்ந்துகொண்டது. பயம் என்று சிலர் சொல்வார்கள், அனுமதி அட்டையைப் பறித்துவிடுவார்களோ என்று. அது கொஞ்சம் இருக்கலாம். ஆனால் பயத்தைவிடப் பழக்கம்தான் அதிகம் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

அதனால் ஒரு நல்ல ஆசிரியர், இரண்டு மூன்று சீசனுக்கு ஒரு தடவையாவது விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நிருபரை (நீதிமன்றமோ மருத்துவமோ பார்ப்பவரை) கேம்புக்கு அனுப்பி, உனக்கு என்ன விசித்திரமாகப் படுகிறதோ எழுது என்று சொல்ல வேண்டும். பீட் நிருபருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

ஆட்டத்தின் நடுவில் விபரீதம் நடந்தால் என்ன செய்வீர்கள்?

2023 ஜனவரி 2-ம் தேதி சின்சினாட்டியில் பஃபலோ பில்ஸ் வீரர் டமார் ஹாம்லின் முதல் குவார்ட்டரிலேயே மைதானத்தில் இதயம் நின்று விழுந்தார். அங்கேயே உயிர்ப்புச் சிகிச்சை கொடுத்து ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள், ஆட்டம் நிறுத்தப்பட்டு பிறகு ரத்தானது. அவர் பிழைத்து, மறுபடி ஆடவும் வந்தார். ஆனால் அன்றிரவு அது யாருக்கும் தெரியாது. பஃபலோ பீட் நிருபர்கள் பலருக்கு அவர் தினமும் பார்த்துப் பேசிய பையன். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கண்ணால் பார்த்ததையும் மருத்துவமனையோ அணியோ உறுதியாகச் சொன்னதையும் மட்டும் எழுதுவது, மணி குறித்துக்கொள்வது, ஊகத்தைத் தொடாமல் இருப்பது. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாக்கள் அதைப் படிக்கிறார்கள்.

நடுவர் தப்பான தீர்ப்புக் கொடுத்தால் அவரையும் லாக்கர் ரூமில் போய்க் கேட்கலாமா?

எல்லாரும் போக முடியாது. ‘பூல் ரிப்போர்ட்டர்’ என்று ஒரே ஒருவர் போவார், கேட்டு வந்ததை அப்படியே எல்லாருக்கும் கொடுக்க வேண்டும், தனக்கென்று ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளக் கூடாது. பதில் பெரும்பாலும் விதிப்புத்தகத்தைப் படித்தது போலத்தான் இருக்கும்.

ஹால் ஆஃப் ஃபேமுக்கு நிருபர்கள் ஓட்டுப் போடுவது சரியா?

ஓஹையோ மாநிலம் கேன்டனில் இருக்கும், ஃபுட்பாலில் சாதித்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கான தேர்வுக் குழுவில் சுமார் 50 பேர். ஒவ்வொரு அணியின் ஊருக்கும் ஒருவர் உண்டு, தங்கள் ஊர் வீரருக்காக அவர்தான் எழுந்து வாதாடுவார். 80 சதவீத ஓட்டு வேண்டும். எழுதுகிறவன் பரிசும் கொடுக்கக் கூடாது என்று நியூயார்க் டைம்ஸ் தன் ஆட்களை இந்த மாதிரி ஓட்டுகளில் சேர விடுவதில்லை. கொள்கையளவில் எனக்கும் அதுவே சரி என்று படுகிறது, ஆனால் 20 வருஷம் முன்பு ஒரு தடுப்பாட்டக்காரர் எப்படி ஆடினார் என்று நேரில் பார்த்துக் குறிப்பு வைத்திருப்பவர் வேறு யார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இந்த இடத்தில் பில் நன் பற்றிச் சொல்ல வேண்டும். பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பின மக்களின் பத்திரிகையில் விளையாட்டு ஆசிரியர். பெரிய பத்திரிகைகளும் அணிகளும் கண்டுகொள்ளாத கறுப்பினக் கல்லூரிகளுக்குப் போய்ப் போய் ஆட்டம் பார்த்து, ஒவ்வொரு வருஷமும் சிறந்த அணி ஒன்றைப் பட்டியல் போடுவார். ஸ்டீலர்ஸ் அணியைக் குறை சொல்லி வந்தவரை அந்த அணியே 1960-களின் கடைசியில் ஆள் தேடும் வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டது. மெல் பிளவுன்ட், ஜான் ஸ்டால்வொர்த், டானி ஷெல் போன்றவர்கள் அந்த வழியில் வந்தவர்கள். 2021-ல் அவரும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார், ஃபுட்பால் நிருபர்கள் சங்கம் வாழ்நாள் எழுத்துக்குக் கொடுக்கும் விருதும் அவர் பெயருக்கு மாறியது.

இந்த வேலை இன்னும் எத்தனை நாள் இருக்கும்? நான் சேரலாமா?

பத்திரிகை நிலைமை மோசம்தான். டென்வரில் ராக்கி மவுன்டன் நியூஸ் 2009-லேயே மூடிவிட்டது. நியூயார்க் டைம்ஸ் 2022-ல் தி அத்லெடிக் இணைய இதழை 55 கோடி டாலருக்கு வாங்கி, அடுத்த வருஷம் தன் விளையாட்டுப் பிரிவையே கலைத்துவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் அச்சுப் பதிப்பில் முந்தின இரவு ஆட்டத்தின் ஸ்கோர் விவரம்கூட 2023-லிருந்து வருவதில்லை, அச்சு நேரம் அவ்வளவு முன்னால் போய்விட்டது. அணிகளோ தங்கள் சொந்தத் தளத்தில் சம்பளம் கொடுத்து நிருபர் வைத்திருக்கின்றன. நன்றாக எழுதுகிறார்கள், தோல்வியைத் தவிர.

சேரலாம். பள்ளிக்கூட ஆட்டங்களில் ஆரம்பி தம்பி. அங்கே புள்ளிவிவரத்தை யாரும் அச்சடித்துக் கையில் தர மாட்டார்கள், நீயே கோட்டோரம் நடந்து குறிக்க வேண்டும், அந்தப் பழக்கம் எங்கேயும் உதவும். ஒப்பந்தம் படிக்கக் கற்றுக்கொள். சாலரி கேப் (ஒரு அணி வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்தின் உச்சவரம்பு) 1994-ல் வந்தது, 2025-ல் அது ஒரு அணிக்கு 27.92 கோடி டாலர். ஒரு வீரரை ஏன் அனுப்பினார்கள் என்பதற்கான விடை பாதி நேரம் ஆட்டத்தில் இருக்காது, அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. உங்களால் ஃப்ரீ டிக்கெட் வாங்கித் தர முடியுமா?

முடியாது. அனுமதி அட்டையில் என் போட்டோ ஒட்டியிருக்கும், அதைக் காட்டி நான் மட்டும்தான் போக முடியும். அணியிடம் டிக்கெட் கேட்டு வாங்கினால் அடுத்த நாள் அவர்களைப் பற்றி எழுத முடியாது. என் மாமனாரே டிவியில்தான் பார்க்கிறார்.